கழற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு மேசை கொடுப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். பெற்றோர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

பழைய ரேடியோ, கசட் பிளேயர், புளூடூத் ஸ்பீக்கர் என்று கையில் கிடைப்பதைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் ஏச்சுத்தான் கிடைக்கிறது. "இருந்த சாமானையும் உடைச்சிட்டான்", "இந்த மூளையப் படிப்பில காட்டு" என்பதெல்லாம் நமக்குப் பழகிப்போன வசனங்கள். அந்தப் பிள்ளை உடைத்தது ஏற்கெனவே வேலை செய்யாத சாமான் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஆசிரியர்களாக நாங்கள் சொல்ல வருவது இதுதான். அந்தப் பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை. வடக்கும் கிழக்கும் ஒரு காலத்தில் இந்தக் கைவேலையால்தான் உலகத்தின் செய்தியைக் கேட்டது. இன்றும் நம் ஊரில் அந்தக் கைவேலைக்கு அவசரமான ஒரு வேலை காத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. டோர்ச்சுக்குப் போடுகிற பற்றறிகூடத் தடை செய்யப்பட்ட சாமான். (அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த வலி வேறு, அதற்கு வேறொரு பதிவு வேண்டும்.) அங்கே மிஞ்சியிருந்த மக்கள் என்ன செய்தார்கள்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவை ஓடவிட்டார்கள். இரவில் பீபீசீ தமிழோசை கேட்க இப்படி ஆள் மாறி ஆள் சுற்றிய வீடுகள் எத்தனையோ. சோர்ந்துபோன பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் எடுத்ததும் உண்டு.

இதில் இருக்கிற விஞ்ஞானத்தைக் கொஞ்சம் பாருங்கள். சைக்கிள் டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற். நாலு பற்றறி போடுகிற ரேடியோவுக்கு வேண்டியதும் 6 வோல்ற்தான். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் நாலு இருவாயிகளைப் பாலம் போலக் கட்டி, பின்னால் ஒரு கொள்ளளவியை வைத்தால் ஓட்டம் சீராகிவிடும். வேகமாகச் சுற்றினால் வோல்ற்றளவு எகிறும். அதனால் சைக்கிள் பல்பையும் சேர்த்தே எரியவிட்டால் கூடுதல் அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். முழு அலைச் சீராக்கம் என்று சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் இருப்பது இதேதான். வகுப்பில் வெண்கட்டியால் படம் கீறி நாங்கள் படிப்பித்தால் பத்துப் பேருக்கு விளங்கும். ஒரு டைனமோவைக் கையில் கொடுத்தால் முப்பது பேருக்கும் விளங்கும்.

1990களின் நடுப்பகுதியில் ட்ரெவர் பேலிஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த, கையால் முறுக்கி ஓடவைக்கும் ரேடியோ தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் உற்பத்தியாகி வந்தது. உலகம் அவரைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டிய மனிதர்தான். அதே காலத்தில் இங்கே சைக்கிளைக் கவிழ்த்துச் சுற்றியவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பெரிய கம்பனிகளின் கதையும் இதேதான். சோனியின் வோக்மன் 1979 ஜூலை 1ஆம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதை யாரும் வெறும் கையிலிருந்து தொடங்கவில்லை. பத்திரிகையாளர்கள் பேட்டி பதிவு செய்யப் பாவித்த 'பிரஸ்மன்' என்ற சின்ன ரெக்கோடரை எடுத்தார்கள். பதிவு செய்கிற பாகத்தையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் கேட்கிற மாதிரி மாற்றினார்கள். கம்பனியின் நிறுவுனர்களில் ஒருவரான மசாரு இபுக்காவுக்கு விமானப் பயணத்தில் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை. அதற்காகச் செய்த மாற்று வேலைதான் பிறகு உலகம் முழுக்கப் போனது. இருந்த சாமானைக் கழற்றி வேறொன்றாக ஆக்கியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை செய்தால் மட்டும் அதற்குப் பெயர் 'உடைக்கிறது'.

ஆப்பிளின் ஐபொட் 2001 ஒக்டோபரில் வந்தபோது உள்ளே 5 ஜீபீ சுழல் வட்டு இருந்தது. 2022இல் கம்பனி ஐபொட் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் பல நாடுகளில் இளைஞர்கள் பழைய ஐபொட்டைத் திறந்து, அந்த வட்டைக் கழற்றி மெமரி கார்ட் பொருத்துகிறார்கள். வட்டு போன இடத்தில் பெரிய பற்றறி வைக்கிறார்கள். கம்பனி கைவிட்டதை அவர்கள் விடவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். குர்ஆன் ஓதலும் பயானும் கேட்கிற சின்னச் சதுர ஸ்பீக்கர்கள் நம் வீடுகளில் எத்தனை? மெமரி கார்ட் போட்டால் ஓடும், ஒன்றிரண்டு வருடத்தில் சார்ஜ் நிற்காது. கடையில் கேட்டால் "இது சரிவராது, புதுசு எடுங்க" என்பார்கள். எங்கள் மாணவன் ஒருவன், தரம் 10. தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 38 புள்ளி. கண்பார்வை குறைந்த அவனுடைய உம்மம்மாவுக்கு அந்தச் சின்னப் பெட்டிதான் நாள் முழுக்கத் துணை. அது நின்றுபோனபோது அவன் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே இருந்தது பழைய நோக்கியா போனுக்குப் போடுகிற பீஎல்-5சீ பற்றறி. வீட்டில் கிடந்த பழைய போனிலிருந்து நல்லதொன்றை எடுத்துப் போட்டான், பெட்டி பேசியது. பிறகு உம்மம்மாவின் விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று ஓடவிடுகிற பட்டனின் மேல் ஒரு மணியை ஒட்டிக் கொடுத்தான். அந்த மணிக்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி இல்லை. ஆனால் எங்களுக்கு அவனைப் பற்றி அந்த 38ஐ விட அதிகம் சொன்னது அந்த மணிதான்.

"சரி, ஆபத்து இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லிதியம் பற்றறி விளையாட்டுச் சாமான் இல்லை. 2007 ஓகஸ்டில் நோக்கியா கம்பனியே 4 கோடி 60 இலட்சம் பீஎல்-5சீ பற்றறிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று அறிவித்து, மாற்றித் தர முன்வந்தது. கம்பனிச் சாமானுக்கே அப்படியென்றால் வீட்டில் செய்கிற வேலைக்கு இன்னும் கவனம் வேண்டும். அதனால்தான் ஒளித்துச் செய்யாமல் பெரியவர்கள் முன்னால் செய்யட்டும் என்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

வீங்கிய பற்றறியைத் தொடாதே, குத்தாதே, சார்ஜ் போடாதே. பற்றறியின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்காதே. லிதியம் பற்றறிக்கு 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதைக் கவனித்து நிறுத்துகிற பாதுகாப்புள்ள சின்னச் சார்ஜ் போர்ட் இல்லாமல் வயரை நேரே கொழுவாதே. இரண்டு பற்றறியில் 3 வோல்ற்றுக்கு ஓடுகிற பழைய வோக்மனுக்குப் போன் பற்றறியை அப்படியே கொடுக்காதே. இடையில் ஒரு சிலிக்கன் இருவாயி வைத்தால் ஏறக்குறைய 0.7 வோல்ற் குறையும். சுவர் பிளக்கில் ஓடுகிற சாமானைப் பெரியவர் இல்லாமல் திறக்கவே திறக்காதே. பழுதான பற்றறியைக் குப்பையோடு சேர்க்காதே, நம் குடாவிலும் வீசாதே. சேர்த்து வைத்தால், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களிடம் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மாற்று வேலைக்கும் நாங்கள் கைதட்ட மாட்டோம். ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் சத்தத்தைக் கூட்டுவதற்காகவே கைவைக்கிற பழக்கம் பெடியன்மாரிடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ஓர் அளவு சொன்னார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடினாலே கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். செத்துப்போன செவி நரம்பை எந்தத் திருத்துகிற கடையிலும் மாற்ற முடியாது. பக்கத்து வீட்டில் நோயாளி படுத்திருக்கும்போது கடற்கரை வரை கேட்கிற ஸ்பீக்கர் செய்வதும் திறமையில் சேராது. சாமானின் ஆயுளைக் கூட்டுகிற வேலைக்கு ஆதரவு, அடுத்தவனின் நிம்மதியைக் குறைக்கிற வேலைக்கு இல்லை. எங்கள் கோடு இதுதான்.

"சாமான் கழற்றிக்கொண்டிருந்தால் ரிசல்ட்ஸ் எங்க வரும்?" என்ற கேள்வியும் வரும். 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை இருக்கிறது. சாதாரண தரத்துக்கு மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் பாடம் இருக்கிறது. அதற்கு வெளியே தேசிய தொழிற் தகைமைப் படிப்புகள் இருக்கின்றன. மருத்துவம், பொறியியல் இரண்டும் இல்லாவிட்டால் வெளிநாடு என்று நாம்தான் பிள்ளையின் வழியைச் சுருக்கி வைத்திருக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் செய்து கற்றல் என்று பாடம் நடத்தினார்கள். அதைச் சொந்தமாகவே செய்கிற பிள்ளையைத் திட்டிவிட்டு, செயலட்டையில் அதே வேலைக்குப் புள்ளி போடுவதில் அர்த்தம் இல்லை. பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்தே சொல்கிறோம். ஊசியில் நூல் கோர்க்கிற நிதானமான கைதான் சின்ன வயரை ஈயம் வைக்கவும் வேண்டும்.

இப்போது அந்த அவசர வேலை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் வீடுகளிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனவர்கள் கடிதத்தோடு கசட்டும் அனுப்பினார்கள். வாப்பா அங்கிருந்து பேசிப் பதிவு செய்து ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார். இங்கே வீட்டார் எல்லோரும் சுற்றி இருந்து கேட்பார்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலத்தில், பாதையில் ஏறி அக்கரை போனவர்களின் பைக்குள்ளும் அந்தக் கசட்டுகள் இருந்தன. அழிந்துவிடக் கூடாது என்று கசட்டின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடைத்து வைத்தார்கள். வேறு கசட் இல்லாதவர்கள் அந்த ஓட்டையில் கடதாசியை அடைத்து, டேப் ஒட்டி, மறுபடி பதிந்து பதில் அனுப்பினார்கள். பற்றறி மிச்சம் பிடிக்கப் பேனையைச் செருகிச் சுற்றினார்கள். நம் உம்மாமாரும் கைவேலைக்காரர்கள்தான்.

அந்தக் கசட்டுகளில் பேசியவர்களில் பலர் இன்று இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களும் அதில் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தவர்கள் பலர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மிஞ்சிய கசட்டுகள் சில அலுமாரிகளில் கிடக்கின்றன. கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கிறது. பிளேயரின் றப்பர் பெல்ட் உருகிப் பிசினாகிவிட்டது. ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரல்களைத் தின்கிறது.

இதைக் காப்பாற்றப் பெரிய செலவு இல்லை. பெல்ட் மாற்ற வேண்டும். நாடா தொடுகிற தலையையும் றப்பர் உருளையையும் சுத்தமான அல்கஹோலில் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து கணினியின் ஒலி உள்ளீட்டில் கொடுத்துப் பதிய வேண்டும். கணினியில் அந்தத் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பீ ஒலி அடப்டர் போதும். பூஞ்சை பிடித்த கசட்டை மட்டும் அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள், நாடா அறுந்துவிடும். ஒரு மணித்தியாலக் கசட்டைப் பதிய ஒரு மணித்தியாலம் ஆகும். பொறுமைதான் இதில் பெரிய செலவு. யார் செய்வது? நாம் ஏசிக்கொண்டிருக்கிற அதே பிள்ளைகள் செய்வார்கள்.

ஆகவே கேட்பது பெரிதில்லை. பாடசாலையிலோ வாசிகசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ ஒரு மேசை. சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம். ஒரு மல்டிமீற்றர், ஒரு சோல்டரிங் அயன், நல்ல வெளிச்சம். பக்கத்தில் ஓர் ஆசிரியர். துறைமுகத்திலும் மின்சார சபையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானாமார் யாராவது வந்து இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் பத்து வருடம் பழகிய கையை அந்தப் பிள்ளைகள் பத்துச் சனிக்கிழமையில் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் ஏற்கெனவே திருத்துகிற கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இது போட்டியாக வராது, நாளைக்கு உங்களுக்கு உதவியாள் இங்கிருந்துதான் வருவான்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் போனதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டதையும் பார்த்தோம். அப்படியான இரவில் போன் சார்ஜ் தீர்ந்த பிறகு ஒரு ரேடியோவைப் பேசவைக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருக்கட்டும்.

வீட்டில் ஓடாத பிளேயர், ரேடியோ, கசட் இருந்தால் குப்பையில் போட வேண்டாம். கசட்டில் யாருடைய குரல், எந்த வருடம் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். மேசைக்கு இடம் தரக்கூடியவர்களும், வந்து இருக்கக்கூடியவர்களும் கீழே கருத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தவணை விடுமுறைக்கு முன்னால் தொடங்குவோம்.