கேஸ் அடிப்பது மட்டும் ரிப்பேர் ஆகாது

சித்திரை வெயில் ஏறியதும் கார் ஏ.சி. பணிமனைகளில் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும்: “கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சிரலாம்.” அரை மணி நேரத்தில் வேலை முடிந்து சில்லென்று காற்று வருகிறது. பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துப் போனவர், ஆடி பிறப்பதற்குள் மறுபடியும் அதே வாசலில் நிற்கிறார். மறுபடியும் கேஸ் அடித்து அனுப்புகிறார்கள்.

இந்த வழக்கம் ஒழிய வேண்டும். ஏ.சி. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீருவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சரிய, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. வண்டி தயாரான நாளில் நிரப்பிய கேஸ்தான் இப்படி ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் வழியே துளித்துளியாய்க் கொஞ்சம் வெளியேறுவது இயல்பு. அதனால் ஆறேழு வருடம் ஓடிய காரில் கேஸ் குறைந்திருந்தால் வியப்பில்லை. ஒரே கோடையில் இரண்டு தடவை குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது.

கேஸ் சரியாக இருந்தும் குளிர் வராமல் போகலாம். சிக்னலில் நிற்கும்போது வெப்பக் காற்று, வண்டி வேகம் எடுத்ததும் குளிர்ச்சி என்றால், முதலில் பார்க்க வேண்டியது கண்டென்ஸர் ஃபேன். பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேடிப் போகலாம். ஃபேன் ஓடியும் குளிரவில்லை என்றால், கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளுக்கிடையே மண்ணும் பூச்சியும் அப்பியிருக்கலாம். காற்றே குறைவாக வந்தால் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் குளிரும் மறுபக்கம் சூடும் வந்தால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவு டேஷ்போர்டுக்குள் சிக்கியிருக்கலாம். இந்தப் பழுதுகளில் ஒன்றுகூட கேஸ் அடித்தால் தீராது.

கேஜ் மாட்டிப் பார்த்தாயிற்று என்று மெக்கானிக் சொல்வதும் போதாது. எஞ்சினை அணைத்து வைத்திருக்கும்போது, 35 டிகிரி வெயிலில், இன்றைய கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ கேஸ் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். உள்ளே நூறு கிராம் இருந்தாலும் நானூறு கிராம் இருந்தாலும், கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும் வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும். அடுப்படி சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சுடரைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தூக்கிப் பார்க்கிறோமே, காரணம் இதேதான். ஒரு சிறிய காருக்குத் தேவை அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் கிராம் கணக்கில் அச்சாகியிருக்கும். உள்ளே இருப்பதை முழுவதும் வெளியே எடுத்து, வாக்குவம் போட்டு, எடைபார்த்துத் திரும்ப நிரப்பினால்தான் அளவு சரியாக இருக்கும். கைக்கணக்கில் அடித்தால் கூடுதலாகவும் போகலாம். கூடினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை ஏறும்.

கசிவை அப்படியே விட்டால் செலவு பெருகும். கம்ப்ரஸரை உராய்விலிருந்து காப்பாற்றும் ஆயில் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் சரிவரத் திரும்பி வராது; கம்ப்ரஸர் தேயும். சிறு ஓ-ரிங்கை மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, கம்ப்ரஸரையே மாற்றும் செலவில் வந்து நிற்கும். கசிவைத் தேடுவதும் மாயவித்தை இல்லை. இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் தெரிந்தால் சந்தேகிக்கலாம். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆயிலில் சாயம் கலந்து புற ஊதா விளக்கடித்தால் ஓட்டை இருக்கும் இடம் பளிச்சிடும். கூலிங் காயிலில் கசிவு என்றால் மட்டும் பல கார்களில் டேஷ்போர்டை இறக்க வேண்டிவரும். அந்த வேலைக்குப் பயந்தே பலர் கேஸ் அடித்து ஒப்பேற்றுகிறார்கள்.

வெளியேறும் கேஸ் காற்றோடு போய்விடுகிறது என்பதோடு கதை முடிவதில்லை. ஆர்-134ஏ கேஸ் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 450 கிராம் கசிந்தால், அது சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 280 லிட்டர் பெட்ரோல் எரித்தால் வரும் புகைக்கு நிகர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பும் தூரம் அது. இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இந்த கேஸை நிரப்ப அனுமதி இல்லை. அமெரிக்காவில் கூலிக்கு கார் ஏ.சி. பார்ப்பவர் சான்றிதழ் வைத்திருந்தே ஆக வேண்டும். கேஸைக் காற்றில் திறந்துவிடுவது அங்கே சட்டப்படி குற்றம்.

பழியை மெக்கானிக் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. இரண்டு மணி நேரம் தேடி ஓட்டையைக் கண்டுபிடிப்பவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுக்க வாடிக்கையாளருக்கு மனம் வருவதில்லை. “பார்த்துத்தானே சொன்னே, இதுக்குக் காசா?” என்கிறார். அதே ஆள் கேஸுக்கு மறுபேச்சில்லாமல் பணம் தருகிறார். வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய வருமானம் போய்விடுமே என்று கலங்கும் கால் டாக்சி ஓட்டுநருக்கு, அரை மணி நேர வைத்தியம்தான் கைக்கு எட்டுகிறது. சோதனைக்குக் கூலி கிடைத்தால் சோதிப்பார்கள். அதனால் கசிவுச் சோதனைக்குத் தனிக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். எவ்வளவு கேஸ் எடுத்தார்கள், எவ்வளவு நிரப்பினார்கள், கசிவு எங்கே இருந்தது என்ற மூன்றும் பில்லில் எழுதித் தரப்பட வேண்டும்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட இந்திய குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதாக இலக்கு வைத்தது. அந்தப் பயிற்சி வீட்டு ஏ.சி.யோடு நின்றுவிடாமல், சாலையோரக் கார் பணிமனை வரை வர வேண்டும். பழைய கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெக்கவரி இயந்திரம் வாங்கச் சிறு பணிமனைகளுக்குக் கடனும் மானியமும் வேண்டும்.

இது கார்க்காரர்களோடு முடியும் பிரச்சினையும் அல்ல. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே நாட்டின் சரக்கைச் சுமக்கும் ஓட்டுநர்களுக்கு வெகுகாலம் தாமதித்து வந்த நியாயம் அது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் அந்த லாரிகளின் ஏ.சி. பழுதாகி வரும்போது, ஓட்டையைத் தேடத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த ஊர்களின் ஐ.டி.ஐ.களில் வாகன ஏ.சி.க்கென்று தனிப் பயிற்சியைத் தமிழக அரசு அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.