லேசான பாத்திரமும் நமது தராசும்

கார்த்திகை நெருங்கி, மாலை போட்டவர்கள் வேன் பேசத் தொடங்கிவிட்டால் நெய்வேலி மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பத்திலும் பாத்திரக் கடைகளில் விழும் முதல் கேள்வி, "லேசா ஏதாவது இருக்கா?" என்பதுதான். சபரிமலைக் குழுவினர் மட்டுமல்ல. சாரணர் முகாமுக்குப் போகும் பிள்ளைகளும், முதுகுப் பையோடு கொல்லிமலை, கொடைக்கானல் என்று கிளம்பும் இளைஞர்களும் இதையே கேட்கிறார்கள். பல கடைகளில் உடனே இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். இது நல்ல வியாபாரமல்ல என்பது எங்கள் கருத்து.

மெல்லிய தகடு வேனில் நசுங்கும், அடுப்பில் அடிபிடிக்கும். நடுவழியில் சோறு தீய்ந்தால் சாபம் கடைக்காரருக்குத்தான்!

ஒரே அளவு, ஒரே தடிமன் என்றால் எவர்சில்வர் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. சூட்டைப் பரப்புவதிலோ அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல். பயண ஸ்டவ்வின் சிறு பர்னர் நடுவில்தான் எரியும். மெல்லிய எவர்சில்வரில் நடு கருகும், ஓரம் வேகாது. ஆகவே சோறும் உப்புமாவும் செய்ய நல்ல கனமான அலுமினிய தேக்சா, தட்டு டம்ளருக்கு எவர்சில்வர் என்று பிரித்துக் கொடுக்கலாம். புளியும் தக்காளியும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் குழம்புக்கு எவர்சில்வரோ, ஆனோடைஸ் செய்த பாத்திரமோ நல்லது. இளைஞர்கள் டைட்டானியம் கேட்கிறார்கள். வெந்நீர் வைக்க அருமையான சரக்கு, வெண்பொங்கலுக்கு ஆகாது.

எடையைத் தகட்டில் குறைக்காமல் எண்ணிக்கையில் குறைப்பதே முறை. எத்தனை பேர், என்ன சமையல், வேனா தோளா என்று முதலில் கேளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று பாத்திரம், பொருந்தும் மூடி, எல்லாவற்றுக்கும் ஒரே இடுக்கி போதும். கொள்முதலின்போது கேஜ் கேட்டு வாங்குங்கள். எண் கூடினால் தகடு மெலியும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. எடைக்குப் பயந்து குக்கரை விட்டுப் போகிறவர் காஸைத் தீர்த்துவிட்டுத் திரும்புவார். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள்.

நம் தொழிலில் சரக்கு எடைக்கு வருகிறது, எடைக்கே போகிறது. எடை குறைந்தால் லாபமும் குறையும் என்ற கணக்கு இதனால்தான். பயணப் பாத்திரத்தை அடுக்கு செட்டாகக் கட்டி, செட்டுக்கு ஒரு விலை வையுங்கள். மொத்த எடையை அட்டையில் எழுதி ஒட்டினால் வாங்குபவர் தூக்கிப் பார்க்கவே வேண்டாம்.

ஸ்டவ் கேட்பவரிடம் ரயில் பயணமா என்று கட்டாயம் விசாரியுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், பயணிகள் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். மலைக்காட்டுக்குள் அடுப்பு மூட்டவும் வனத்துறை விடாது. ரயிலில் போகிறவருக்கு ஸ்டவ்வை விற்காமல் நல்ல தூக்கு ஒன்றும் தண்ணீர்ப் பாத்திரமும் விற்றால் போதும். அந்த லாபம் குறைந்ததாகவே இருக்கட்டும்.