‘நார்மல்’ என்ற ஸ்கேன் அறிக்கையால் வலி பொய்யாகிவிடாது

மாதவிலக்கு வலியால் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் படுத்துவிடும் பெண்ணை, அறுவை சிகிச்சை மூலம் நோய் உறுதியாகும் வரை காக்க வைக்கக் கூடாது. அவர் சொல்லும் வலியை நம்பி ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். கோலார் தங்கவயல் பெண்களின் உடல்நலத்துக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, குடல் என்று வெளியிடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். அங்கே அழற்சி உண்டாகி, தழும்பு விழுந்து, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தூரமான நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற மாதிரி வலிப்பதும், தாம்பத்தியத்தில் வலிப்பதும், கரு தங்காமல் போவதும் இதனால் இருக்கலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகில் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது கண்டறியப்படுவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

“கல்யாணமானால் சரியாகிவிடும்” என்ற பேச்சு தாமதத்துக்கு ஒரு காரணம். ஸ்கேன் இன்னொன்று. கல்யாணமாகாத பெண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’ இருந்தால் அதில் தெரியலாம். மெல்லிய திட்டுகளாகப் பரவிய நோய் தெரிவதில்லை. ‘நார்மல்’ என்று எழுதிய காகிதத்தோடு வீடு திரும்பியவரிடம் அதன்பின் யாரும் வலியைப் பற்றி விசாரிப்பதில்லை. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி மூலம் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பியைச் செய்யாமல் எப்படி மருந்து கொடுப்பது என்று மருத்துவர்கள் கேட்கலாம். அந்தத் தயக்கத்தை மதிக்கிறோம். ஆனால் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலே, லேப்ராஸ்கோப்பிக்குக் காத்திராமல் அறிகுறிகளை வைத்து ஹார்மோன் மருந்து தொடங்கலாம் என்கிறது. அந்த மாத்திரை பிள்ளைப்பேற்றைக் கெடுத்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பிவிடும். கவனிக்காமல் விட்ட நோய்தான் பிள்ளைப்பேற்றுக்குத் தடையாகலாம்.

மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் மாதவிலக்கு விடுப்புக்கு 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்ததே, போதாதா என்பார்கள். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, கழிவறைப் பக்கம்கூட நகர முடியாத நெரிசலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் விடுப்பு ஓய்வைத்தான் தரும், நோயைக் கண்டுபிடிக்காது.

தேடாமல் விட்டால் நோய் மறைந்தே கிடக்கும் என்பது இந்த ஊருக்குப் புரியாத விஷயமல்ல. சுரங்கத் தொழிலாளியின் இருமலும் ஒரு காலத்தில் தொழிலோடு வந்த தலைவிதியாகத்தான் கருதப்பட்டது. 1947இல் வெளியான ஆய்வில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 3,472 பேருக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. தேடியதால்தான் கிடைத்தது. பெண்களின் வயிற்று வலியை இங்கே யாரும் அப்படித் தேடவில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் மருத்துவத்துக்கு வெளியூர் போகும் கட்டாயமும் கூடிவிட்டது.

எனவே, வலியால் எத்தனை நாள் படுக்கிறார், மலம் கழிக்கையில் வலிக்கிறதா என்ற கேள்விகளை ஆஷா ஊழியர்கள் வீடு வீடாகக் கேட்க வேண்டும். மூன்று மாத மருந்துக்கும் வலி அடங்காதவர்களைக் கோலாருக்கோ பெங்களூருக்கோ அனுப்பும்போது, இதுவரை கொடுத்த சிகிச்சையை எழுதிய கடிதத்தோடு அனுப்ப வேண்டும்.