யோகா டியூட்டி நேரத்துக்குள் வரட்டும்

மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024இல் தன் அறிக்கையை அளித்தது. ஆய்வில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் ஏறத்தாழ 31 சதவீதத்தினர் தங்களுக்குத் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். உயிர்காக்கும் தொழிலுக்கு வந்த இளைஞர்களின் நிலை இது. இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுபவற்றில் யோகாவும் ஒன்று. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஜூன் 12 முதல் சர்வதேச யோகா நாளான ஜூன் 21 வரை பயிற்சி அளிக்கும்படி 2022லேயே ஆணையம் பரிந்துரைத்திருந்தது. யோகா உண்மையிலேயே உதவும். ஆனால், அதை யாருடைய நேரத்தில், என்ன சூழலில் செய்யச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமையும்.

களைப்பைத் தாண்டிய நிலை: ‘பர்ன் அவுட்’ எனப்படும் பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாக வரையறுத்தது. அது நோயன்று; நிர்வகிக்கப்படாத பணியிட அழுத்தம் நாள்பட நீடிப்பதால் வரும் நிலை. தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்யும் பணியில் திறன் குறைந்ததாக உணர்வது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வார்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பணியில் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு நோயாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட செவிலியர், சில ஆண்டுகளில் “பதினோராம் நம்பர் பெட்” என்று சொல்லத் தொடங்குகிறார். ட்ரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று நோயாளியின் உறவினர் இரண்டாம் முறை வந்து சொன்னால் எரிந்து விழுகிறார். அவரிடம் இரக்கம் இல்லாமல் போகவில்லை. அதை வெளிப்படுத்தும் தெம்புதான் தீர்ந்துபோயிருக்கிறது.

மூச்சு செய்யும் வேலை: ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் இது கூடும். அதையே நிமிடத்துக்கு 6 முறையாகக் குறைத்து, வெளிமூச்சை நீட்டும்போது வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் உடலியங்கியல் துறையினர் பிராணாயாமத்தின் இத்தகைய விளைவுகளை நீண்ட காலமாக ஆராய்ந்துவந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 40 செவிலியர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், 8 வாரம் யோகா செய்தவர்களிடம் உணர்வுச் சோர்வும், நோயாளிகளிடமிருந்து மனம் விலகும் தன்மையும் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

இதற்குத் தனி மண்டபமோ சீருடையோ வேண்டாம். கேஸ் ஷீட் எழுதும் நாற்காலியிலேயே முதுகை நிமிர்த்தி, பாதங்களைத் தரையில் பதித்து உட்கார்ந்துகொள்ளலாம். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். நோயாளிகளைத் தூக்கித் திருப்பி முதுகுவலி கண்டவர்களுக்கு எளிய ஆசனங்களும், இரவு டியூட்டி முடித்தும் தூக்கம் பிடிக்காதவர்களுக்கு சவாசனமும் உதவும்.

யோகாவால் முடியாதது: மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைத் தொகுத்து 2017இல் ஆராய்ந்தார்கள். தனிநபருக்குக் கற்றுத்தரும் பயிற்சிகளால் ஓரளவு பலன் இருந்தது. பணிநேரத்தையும் பணிச்சுமையையும் மாற்றியமைத்தது போன்ற நிர்வாக நடவடிக்கைகளுக்கு அதைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது.

இந்தியாவில் இதற்கான விதி புதிதன்று. உறைவிட மருத்துவர்களைத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வழக்கமாகப் பணியில் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. 2024இல் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ வாரத்துக்கு 74 மணி நேரம். அதையும் தாண்டி உழைக்கும் பி.ஜி. மாணவர்கள் ஏராளம். இரவு முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு, காலையில் குளிக்கக்கூட நேரமின்றி ஓ.பி.யில் உட்காருபவரிடம் “தினமும் யோகா செய்யுங்கள்” என்பது, களைப்புக்கு அவரையே பொறுப்பாளி ஆக்கும் அறிவுரை.

தமிழ்நாட்டில் தொகுப்பூதியச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடிவந்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். வருமானத்துக்கும் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்ற அச்சத்தை எந்த மூச்சுப்பயிற்சியாலும் போக்க முடியாது.

செய்ய வேண்டியது: நம்மிடம் வளங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா பிரிவுகள் செயல்படுகின்றன. நோயாளிகளுக்குக் கற்றுத்தரும் அந்த மருத்துவர்கள், சக பணியாளர்களுக்கும் கற்றுத்தர வழிசெய்யலாம். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் 20 நிமிடம் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் வரை எல்லோருக்கும் இது கிடைக்க வேண்டும். வருகைப் பதிவேடு வைத்துக் கட்டாயப்படுத்தினால் யோகாவும் இன்னொரு சுமையாகிவிடும்.

மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருப்பவர்களுக்கு யோகாவை மட்டும் கைகாட்டுவது ஆபத்து. அவர்கள் தயங்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். சிகிச்சை பெற்ற காரணத்துக்காக யாருடைய படிப்புக்கும் பதவிக்கும் பங்கம் வராது என்ற உறுதியை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

ஓய்வில்லாத மருத்துவரிடமும் செவிலியரிடமும் தவறு நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் நோயாளி. ஆகவே, இது நம் எல்லோருடைய கோரிக்கையாகவும் ஒலிக்க வேண்டும். மருத்துவமனைகள் முதலில் டியூட்டி பட்டியலைத் திருத்தட்டும். திருத்திய பட்டியலிலேயே யோகாவுக்கும் நேரம் ஒதுக்கட்டும்.