கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு

வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிப் புதுச்சேரிக்கு வருகிறவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அரவிந்தர் ஆசிரமத்துச் சமாதியில் கண்மூடி உட்கார்ந்துவிட்டுக் கடலோரமாக வடக்கே நடந்தால் எங்கள் வைத்திக்குப்பம். கருங்கல் மேல் உட்கார்ந்து கடலையே பார்ப்பார்கள். கேலி செய்ய மனம் வராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்கிற சரக்கல்ல அது.

அரவிந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910 ஏப்ரலில் இங்கே வந்தவர், 1914 ஆகஸ்டில் ‘ஆர்யா’ மாத இதழைத் தொடங்கினார். கூட்டாளி பால் ரிஷார் சில மாதங்களிலேயே பிரான்சுக்குத் திரும்ப நேர்ந்தது. அதன்பின் 1921 வரை பக்கங்களை ஏறக்குறைய ஒற்றை ஆளாக நிரப்பினார். பிற்பாடு திருத்திப் புத்தகமான ‘லைஃப் டிவைன்’ முதலில் அப்படி மாதத் தவணையாக வந்ததுதான். அச்சகத்துக்குப் பக்கம் கொடுத்தாக வேண்டிய நெருக்கடி ஞானிக்கும் இருந்திருக்கிறது!

எங்கள் கரைக்கு வருகிறேன். கரைவலை இழுத்த காலத்தில் வயது பார்க்கமாட்டார்கள். பல்லுப்போன தாத்தாவும் கயிறு பிடிப்பார், பள்ளிக்கு மட்டம் போட்ட பையனும் பிடிப்பான். கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு. தாத்தா இழுத்து வலை சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் அவரைக் காணவில்லை என்றால், “பெருசு எங்கடா?” என்று ஒரு குரல் கேட்கும்.

1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே நகர வேண்டிய மணல் அங்கேயே தேங்க, எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்றது. கல் கொட்டினார்கள். கல்லின் மேல் வலை இழுக்க முடியுமா? மணல் போனதைப் பேசுகிறோம். தாத்தாக்களுக்குக் கயிறு போனதை யாரும் பேசுவதில்லை.

மிச்சம் இருப்பது கிழிந்த வலை. என் சித்தப்பா எண்பதைத் தாண்டியவர், கண் மங்கல். பேத்தை மீன் கடித்த இடத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, விரலால் தடவியே ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போடுகிறார். “உங்க வாழ்க்கையோட நோக்கம் என்ன சித்தப்பா?” என்று வேண்டுமென்றே சீண்டினேன். “விடியறதுக்குள்ள இத குடுத்தாவணும். எழுந்திரு, நூலு மேல உக்காந்திருக்க” என்றார்.

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணம் தருகிறார்கள், அவசியம்தான். வலை வேலை குவிகிற நாட்களும் அவைதான். வெயில் படாத ஒரு கூடம், நூல், ஊசி, கற்றுக்கொள்ள நாலு பையன்கள், பெரியவர்களுக்கு முறையான கூலி: அரசிடமும் பஞ்சாயத்தாரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். முதியோருக்கு மனநல முகாம் நடத்துவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கூலியைக் காசாகக் கொடுப்பதா மீனாகக் கொடுப்பதா என்பதில் மட்டும் சித்தப்பாவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கும்.