கோப்பைகள் வந்தன, கிளப் வரவில்லை

2025-ல் ஹைதராபாத் எஃப்.சி. என்ற கால்பந்து கிளப் தில்லிக்குக் குடிபோனது. புது ஊரில் புதுப் பெயர்: ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி. 2022 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைத் தூக்கிப்பிடித்த அதே கிளப்தான். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றுவதுபோல ஒரு கிளப்பையும் ஏற்றிவிட முடியும் என்பது இந்தியக் கால்பந்தில் புதிய விஷயமல்ல. 2019-ல் தில்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி கிளப் மூடப்பட்டது. அந்தக் காலியிடத்தில்தான் ஹைதராபாத் எஃப்.சி. பிறந்தது. புனே இழந்தது ஹைதராபாத்துக்கு வந்தது. ஹைதராபாத் இழந்தது, முன்பே ஒன்றை இழந்திருந்த தில்லிக்குப் போனது. நாற்காலி சுற்றும் இந்த விளையாட்டில் ஊர்க்காரர்களிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வேறு ஊருக்கு நேர்ந்திருந்தால் இதை வியாபாரக் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஹைதராபாத் அப்படிப்பட்ட ஊர் அல்ல. ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கொல்கத்தாவா ஹைதராபாத்தா என்று வாதாட இடமிருந்தது.

அந்த வாதத்துக்குக் காரணம் ஒரு போலீஸ் அணி. ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950-ல் தூராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானைச் சந்தித்தது. முதல் நாள் 2-2 என்று சமநிலை. மறு ஆட்டத்தில் 1-0 என்று போலீஸ் ஜெயித்தது. அதே ஆண்டு மும்பையின் ரோவர்ஸ் கோப்பையும் அவர்களுக்கே. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பை ஹைதராபாத்தை விட்டு நகரவில்லை. 1954-ல் மீண்டும் தூராண்ட். 1957-ல் தூராண்ட், ரோவர்ஸ் இரண்டும். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியையும் 1956, 1957 என்று அடுத்தடுத்து ஹைதராபாத் வென்றது. ஆந்திரப் பிரதேசம் உருவான பிறகு அணியின் பெயர் ஆந்திர போலீஸ் ஆனது. அந்தப் பெயரிலும் 1961-ல் தூராண்ட் கோப்பை வந்தது. லட்சக்கணக்கான ரசிகர்கள் பின்னால் நிற்கும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கிளப்புகளை, காலையில் பரேடும் மாலையில் பந்துமாக இருந்த காவல்துறை ஊழியர்கள் வீழ்த்தினார்கள்.

இந்தக் கதையின் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியர். 1909-ல் பிறந்த சையத் அப்துல் ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். 1950-ல் போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். சாகும்வரை இரண்டு பொறுப்புகளையும் விடவில்லை. வாத்தியார் புத்தி மைதானத்திலும் வேலை செய்தது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு போட்டிகள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று வேறு போட்டிகள். வலது காலை நம்பியிருந்த பையன்கள் இடது காலையும் கண்டுபிடித்தார்கள்.

இந்திய அணியும் அவரிடமே வந்தது. 1951-ல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அவமானம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியிருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து அரையிறுதிக்குப் போய், நான்காம் இடம் பிடித்தது அதே இந்தியா. அந்த அணியில் நூர் முகமது, அஜீஸுத்தீன், லதீப், ஜுல்பிகாருத்தீன் என்று ஹைதராபாத் பெயர்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையில் தமிழ்ப் பெயர்களும் உண்டு.

அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1806-ல் செகந்திராபாத் கன்டோன்மென்ட் உருவானபோது வெள்ளைக்காரர்களோடு சென்னைப் படையின் சிப்பாய்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சமையல்காரர்களும், ஒப்பந்தக்காரர்களும், குமாஸ்தாக்களும் வந்தார்கள். பொலாரம், அம்முகுடா, திருமலகிரி, லாலாகுடா என்று பட்டாளத்தையும் ரயில்வேயையும் ஒட்டிய பேட்டைகளில் தமிழ்க் குடும்பங்கள் தங்கிவிட்டன. பட்டாளத்து மைதானங்களில் சோல்ஜர்கள் உதைத்த பந்தை வேலியோரம் நின்று பார்த்த பையன்கள், வேலியைத் தாண்டி உள்ளே போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் என்ற சின்ன கிளப்புகளில் ஆட ஆரம்பித்தவர், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். வெல்லிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு முதலில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். பிறகு கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள். 1955-லும் 1958-லும் நீலகிரிக்கு தூராண்ட் கோப்பை வந்தது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

இன்னொருவர் துளசிதாஸ் பலராம். அம்முகுடாவின் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன். ரஹீம் கண்ணில் பட்டபோது, பயிற்சிக்கு வர சைக்கிள்கூட இல்லை என்று சொன்னாராம். வாடகை சைக்கிளுக்கு தினமும் ஒரு ரூபாய் ரஹீம் கொடுத்தார் என்று பிற்காலத்தில் பலராம் நினைவுகூர்ந்தார். அந்த ஒரு ரூபாய் வீண்போகவில்லை. மெல்போர்னுக்குப் போனார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்ற முன்வரிசை போல இன்னொன்று இந்தியாவுக்கு அமையவில்லை என்று பழைய ரசிகர்கள் அடித்துச் சொல்வார்கள்.

1962 செப்டம்பர் 4-ம் தேதி ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். எதிரே தென்கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசிவரை கோலைக் காத்து நின்றவர் தங்கராஜ். 2-1 என்று தங்கம். பயிற்சியாளர் ரஹீமை அப்போதே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11-ல் அவர் இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வாங்கவில்லை. 1970-ல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலம்தான் கடைசிப் பதக்கம். அதற்கும் கேப்டன் ஒரு ஹைதராபாத்காரர், சையத் நயீமுத்தீன்.

ரஹீம் போனதும் ஹைதராபாத் சாய்ந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. மீதிப் பாதி அவர் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. பலராம் 1957-லேயே ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். தங்கராஜ் ராணுவத்துக்குப் பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். பிறகு நயீமுத்தீன், ஹபீப், அக்பர், ஷபீர் அலி என்று திறமைசாலிகள் எல்லோரும் ஹௌரா ரயிலைப் பிடித்தார்கள். 1977-ல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை ஈடன் கார்டனில் மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தபோது, அந்தப் பச்சை-மெரூன் பனியனுக்குள் இருந்த ஹபீப் ஹைதராபாத் பையன். பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்த ஊர் ஒன்று, கைதட்டிய ஊர் இன்னொன்று.

ஏன் போனார்கள்? பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஹைதராபாத்தில் இருந்தது ஓர் இலாகா. கொல்கத்தாவில் இருந்தது கிளப். 1889-ல் பிறந்த மோகன் பகானுக்கும் 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலுக்கும் உறுப்பினர்கள் இருந்தார்கள், சந்தா இருந்தது, தேர்தல் இருந்தது, தேர்தலில் அடிதடிகூட இருந்தது. செயலாளர் சரியில்லை என்றால் கூச்சல் போட நான்கு பேர் இருந்தார்கள். போலீஸ் அணியில் இதெல்லாம் இல்லை. அதிகாரிக்கு ஆர்வம் இருந்தவரை அணி இருந்தது. ஆர்வம் குறைந்தால் யாரும் யாரையும் கேட்க முடியாது. காவல்துறையின் வேலை சட்டம் ஒழுங்கு. கோல் போடுவது அல்ல. துறையைக் குறை சொல்லவும் வழியில்லை.

மைதானத்தின் கதையும் இதேதான். கோல்கொண்டா முற்றுகையின்போது ஔரங்கசீப்பின் படை தங்கிய இடம் என்று சொல்லப்படும் பதே மைதான், 1967-ல் லால் பகதூர் ஸ்டேடியம் ஆனது. ரஹீம் காலத்தில் கால்பந்தின் கோட்டை அது. ஆனால் 1955-ல் நியூஸிலாந்தோடு டெஸ்ட் ஆட்டம் நடந்த நாள் முதல் கிரிக்கெட்டும் அதில் பங்கு கேட்டது. மைதானம் எந்த ஆட்டத்துக்கு என்று முடிவு செய்யும் மேஜையில் கால்பந்து ரசிகனுக்கு நாற்காலி இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2019-ல் ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. வந்த வேகத்தில் கொரோனாவும் வந்தது. இரண்டு சீசன்கள் முழுக்க கோவாவில் நடந்தன. 2022 மார்ச் 20-ம் தேதி, ஃபதோர்தா அரங்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸோடு 1-1. பெனால்டியில் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுக்க, கோப்பை ஹைதராபாத்துக்கு. அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட சொந்த ஊரில் நடக்கவில்லை. அடுத்த சீசனில் கச்சிபௌலி அரங்கத்துக்கு அணி வந்தது. லீகில் இரண்டாம் இடம் பிடித்தது. 'டெக்கான் லீஜன்' என்று ரசிகர்கள் கூடினார்கள். அதற்கடுத்த சீசனில் சம்பள பாக்கி, புகார்கள், புது ஆட்களைச் சேர்க்கத் தடை. வீரர்கள் கிளம்பிவிட, அணி கடைசி இடத்துக்குப் போனது. 2024-ல் கிளப் கைமாறியது. 2025-ல் ஊரே மாறியது. மஞ்சள் பனியன் வாங்கிய ரசிகனுக்கு மிஞ்சியது பனியன் மட்டும்.

முதலாளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. மோசமான முதலாளிகளும் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் நொஷாதெல் என்ற சிறிய ஏரிக்கரை ஊரில் ஸாமாக்ஸ் என்று ஒரு கிளப். 1987, 1988 இரண்டு ஆண்டுகளும் நாட்டின் சாம்பியன். 2011-ல் செச்சென்யாவைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் அதை வாங்கினார். 2012 ஜனவரியில் லைசென்ஸ் ரத்தாகி, கிளப் திவால். ஆனால் கிளப்பை யாரும் வேறு ஊருக்குத் தூக்கிப்போகவில்லை. ஐந்தாவது டிவிஷனில் அதே ஊரில், அதே பெயரோடு மறுபடி ஆரம்பித்து, 2018-ல் முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. ஜூரிக் நகரத்தில் கிராஸ்ஹாப்பர், எஃப்.சி. ஜூரிக் என்ற ஜென்மப் பகையாளிகள் ஒரே மைதானத்தில் குடியிருக்கிறார்கள். புது ஸ்டேடியம் கட்டலாமா என்று ஊர் மக்களிடமே ஓட்டு எடுத்தார்கள். 2013-ல் வேண்டாம் என்றவர்கள் 2018-ல் சரி என்றார்கள். கிராஸ்ஹாப்பரின் பெரும்பான்மைப் பங்குகள் முதலில் சீனர்களுக்கும், 2024-ல் அமெரிக்கர்களுக்கும் போயின. பங்குதான் போனது, கிளப் ஜூரிக்கிலேயே இருக்கிறது.

இதெல்லாம் ஐரோப்பாவில்தான் நடக்கும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2020-ல் மோகன் பகான் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து ஏ.டி.கே. மோகன் பகான் ஆனது. அந்த மூன்று எழுத்துக்களை எடு என்று ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் ஓயாமல் கத்தினார்கள். 2023 மார்ச்சில் கோப்பை ஜெயித்த இரவே, எழுத்துக்கள் எடுக்கப்படும் என்று உரிமையாளர் அறிவித்தார். ஒரு பெயருக்காக அத்தனை சண்டை கொல்கத்தாவில் நடந்தது. ஹைதராபாத்தில் முழு கிளப்பே போனபோது அப்படிச் சண்டை போட ரசிகனுக்கு உறுப்பினர் அட்டை இல்லை, ஓட்டு இல்லை, வாசலில் நின்று கேட்க ஒரு கிளப் ஹவுஸ்கூட இல்லை.

பையன்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். புறநகர் டெக்கான் அரீனாவில் ஆடிய ஸ்ரீநிதி டெக்கான் அணி 2022-23, 2023-24 இரண்டு முறையும் ஐ-லீகில் இரண்டாம் இடம் பிடித்தது. மைதானமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 31-ம் தேதி சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம் கச்சிபௌலியில்தான் நடந்தது. ஆடியது மேற்கு வங்காளமும் கேரளாவும். 1-0 என்று வங்காளம் ஜெயித்தது. ஒரு காலத்தில் மற்றவர்கள் ஊரில் போய்க் கோப்பை வாங்கி வந்த நகரம், இப்போது மற்றவர்கள் கோப்பை வாங்க இடம் கொடுக்கிறது.

தங்கராஜ் 2008-ல் பொகாரோவில் மறைந்தார். பலராம் 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் மறைந்தார். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று ஹபீப் ஹைதராபாத்தில் மறைந்தார். ரஹீமின் கதை 2024-ல் 'மைதான்' என்று இந்திப் படமாக வந்தது. படம் எடுத்தால் பழைய புகழ் திரும்பும், கிளப் திரும்பாது. அதற்கு வேண்டியது மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் போன்ற பேட்டை கிளப்புகள், அவை ஆண்டு முழுவதும் ஆட ஒழுங்கான லீக், சந்தா கட்டுகிறவனுக்கு ஓட்டு, இன்னொரு ஆட்டத்துக்குத் தாரை வார்க்கப்படாத ஒரு மைதானம். இவை இருந்தால் அடுத்த முறை ஒரு முதலாளி மூட்டை கட்டும்போது, போகிறவர் போகட்டும், கிளப் இங்கேயே இருக்கும் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கும்.