வின்ஸ் காட்டர் பெருவீரர் வரிசைக்கு உரியவரா?

விழா மலர்களில் மொழியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் எழுதுவதே வழக்கம். கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கு இங்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் எவரைப் பெரியவர் என்று போற்றுகின்றனர், எந்த அளவுகோலைக் கொண்டு போற்றுகின்றனர் என்பதை அறிந்திருப்பதும் பெற்றோரின் கடமையே என்பது எமது விடை. மேலும், இப்பெயர் ரொறன்ரோ வாழ் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறைக்கும் பொதுவானது. இன்று வார இறுதிகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளி வாயிலில் இறக்கிவிடும் பெற்றோருட் பலர், 2000ஆம் ஆண்டளவில் 15ஆம் இலக்கம் பொறித்த ஊதா நிறச் சட்டை வேண்டுமென்று தம் பெற்றோரை நச்சரித்த பிள்ளைகளே. 2004இன் பின்னர் அவரைத் தூற்றியோரும் அவர்களே. அவர்தம் பிள்ளைகளோ காட்டரைப் பழைய ஒளிப்பதிவுகளில் மட்டுமே கண்டவர்கள். எனவே வீட்டிலே தந்தை ஒன்று சொல்ல, மகள் வேறொன்று சொல்கின்றாள். இவ்விருவரையும் ஒருங்கே அமர்த்தி வழக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கு இதுதான். வட அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பான என்.பி.ஏ. தனது 75ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2021இல் தலைசிறந்த வீரர்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. வாக்குகள் சமமானமையால் 76 பெயர்கள் அதில் இடம்பெற்றன. வின்ஸ் காட்டரின் பெயர் அவற்றுள் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, 2024 ஒக்ரோபரில், கூடைப்பந்தாட்டத்தின் தந்தையான நெய்ஸ்மித்தின் பெயர் தாங்கிய புகழ்மண்டபம் அவரை வரவேற்று ஏற்றுக்கொண்டது. ஒரு கதவு மூடியது. மறு கதவு திறந்தது. எது சரி?

முதலில் அவர் ஆற்றியவற்றை நோக்குவோம்.

ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணி 1995இல் தோன்றியது. பனிக்கட்டி ஹொக்கியே உயிர்மூச்சாக இருந்த ஒரு நாட்டில், அவ்வணி தொடக்கத்திற் கேட்பாரற்றுக் கிடந்தது. 1997-98 பருவத்தில் அது ஆடிய 82 ஆட்டங்களுள் வென்றவை 16 மாத்திரமே. அந்நிலையில், 1998இல், வட கரோலைனாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தார் காட்டர். தமது முதற் பருவத்திலேயே ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதினைப் பெற்றார். 2000ஆம் ஆண்டில் அணி 45 ஆட்டங்களில் வென்று, முதன்முறையாக இறுதிச்சுற்றுத் தொடருக்குள் நுழைந்தது. மறு ஆண்டு 47 ஆட்டங்களில் வென்று, நியூயோர்க் அணியை வீழ்த்தித் தன் வரலாற்றின் முதலாவது தொடர் வெற்றியையும் ஈட்டியது. அத்தகைய இன்னொரு தொடர் வெற்றியை ரொறன்ரோ காண 2016 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதை நினைவிற் கொண்டால், அந்நாளைய சாதனையின் பெறுமதி விளங்கும்.

அவருடைய புகழை உலகெங்கும் பரப்பியது 'டங்க்' எனப்படும் ஆட்டமுறை. உயரப் பாய்ந்து, பந்தைக் கூடைக்கு மேலிருந்து உள்ளே அறைந்து செலுத்துவது அது. 2000 பெப்ரவரியில் ஓக்லாண்டில் நடைபெற்ற டங்க் போட்டியில் அவர் நிகழ்த்திய பாய்ச்சல்களைக் கண்டு, உடன் ஆடும் வீரர்களே தலையிற் கை வைத்து நின்றனர். ஒரு பாய்ச்சலில் அவரது முன்கை முழங்கை வரை வளையத்தினுள் நுழைந்து தொங்கியது. அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், 7 அடி 2 அங்குல உயரமுடைய பிரான்சு வீரர் பிரெடெரிக் வெய்ஸ் நின்றுகொண்டிருக்க, அவர் தலைக்கு மேலாகத் தாவிப் பந்தைக் கூடையில் இட்டார். ஒலிம்பிக் வரலாறு மறக்கவியலாத காட்சிகளுள் அதுவும் ஒன்று.

எனினும், பாய்ச்சலை மட்டும் வைத்து ஒருவரைப் பெருவீரர் எனல் தகாது. அது கூத்தாடியின் கயிற்று நடைக்கு ஒப்பானது. வியக்கலாம், அதன்மேல் வரலாற்றை எழுப்ப முடியாது. ஆகவே எண்களையும் நோக்குதல் வேண்டும். 22 பருவங்கள், 1,541 ஆட்டங்கள், 25,728 புள்ளிகள், நட்சத்திர வீரர் ஆட்டத்துக்கு எட்டு முறை தெரிவு. 1990கள் தொடங்கி 2020கள் வரை நான்கு பத்தாண்டுகளில் ஆடிய முதல் என்.பி.ஏ. வீரர் அவரே. அவர் ஓய்வு பெற்றபோது 22 பருவங்கள் ஆடிய வீரர் வேறெவரும் இருக்கவில்லை. அண்மையில் லெப்ரோன் ஜேம்ஸ் அவ்வெல்லையைக் கடந்துள்ளார்.

இனி, அவருக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை மறைக்காமல் எடுத்துரைப்போம். குற்றச்சாட்டுகள் மூன்று.

முதலாவது, அவர் ஒருமுறையேனும் வாகை சூடவில்லை என்பது. உண்மைதான், இறுதிப் போட்டியை அவர் எட்டியதுமில்லை. ஆயின் இக்காரணம் ஒன்றே போதுமெனில், சார்ல்ஸ் பார்க்லி, கார்ல் மலோன், ஜோன் ஸ்ரொக்ரன், பற்றிக் யூயிங், அலன் ஐவர்சன், நம் கனடாவில் வளர்ந்த ஸ்ரிவ் நாஷ் ஆகியோரையும் அப்பட்டியலிலிருந்து நீக்குதல் வேண்டும். அவர்களுள் எவரும் வாகை சூடியவர் அல்லர். ஆயினும், மலோன், பார்க்லி, ஐவர்சன், நாஷ் ஆகியோர் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றவர்கள். காட்டர் அதனையும் வென்றதில்லை. ஆண்டிறுதியில் அறிவிக்கப்படும் சிறந்த அணிகளில் இரு தடவை இடம்பெற்றார். முதலாம் அணியில் ஒருபோதும் இல்லை. இக்குறையை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, 2001 மே 20ஆம் நாள் பற்றியது. பிலடெல்பியா அணிக்கு எதிரான தொடரின் ஏழாவது, முடிவான ஆட்டம் அன்று. அத்தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள் குவித்திருந்தவர் காட்டர். ஆயின் ஏழாவது ஆட்டத்தன்று காலையில் அவர் வட கரோலைனாவுக்குச் சென்று பட்டமளிப்பு விழாவிற் கலந்துகொண்டு, அதன் பின்னரே பிலடெல்பியா வந்து சேர்ந்தார். ஆட்டத்தின் கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து வளையத்திற் பட்டு வெளியே சென்றது. 88க்கு 87 என ஒரு புள்ளியால் ரொறன்ரோ தோற்றது. ஆட்டத்தைவிடப் பட்டம் பெரிதாயிற்றா என்று அன்று பலர் சினந்தனர்.

இக்குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. மூன்றாண்டுகளோடு பல்கலைக்கழகத்தை விட்டு வந்த ஒருவர், செல்வமும் புகழும் குவிந்த பின்னரும் எஞ்சிய படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார். 'கடைசிப் பந்து கூடையில் விழுந்திருந்தால் அப்பயணத்தை எவரேனும் குறை கூறியிருப்பரா?' என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. விளைவைப் பார்த்து நோக்கத்தைப் பழிப்பது நீதியன்று. இவ்வொரு வழக்கிலேனும் தமிழ்ப் பெற்றோர் அனைவரும் காட்டர் பக்கமே நிற்பர் என்று நம்புகின்றோம்!

மூன்றாவதே கனமானது. 2004 டிசம்பரில் அவர் ரொறன்ரோவை விட்டு நியூ ஜேர்சி அணிக்குச் சென்றார். நிருவாகத்தோடு பிணக்கு இருந்ததும், தம்மை மாற்றும்படி அவர் கோரியதும் யாவரும் அறிந்தவை. செல்வது குற்றமன்று. 2019இல் ரொறன்ரோவுக்கு வாகை பெற்றுத் தந்த காவாய் லெனர்ட் ஓராண்டே ஆடிவிட்டு நீங்கினார். அவர் எதிரணியில் திரும்பி வந்தபோது இந்நகரம் எழுந்து நின்று வாழ்த்திற்று. காட்டரின் குற்றம் சென்றதில் இல்லை. செல்லும் முன் ஆடிய விதத்தில் இருந்தது. அப்பருவத்தில் ரொறன்ரோவுக்காக ஆடிய 20 ஆட்டங்களில் சராசரி 15.9 புள்ளிகள் பெற்றவர், நியூ ஜேர்சிக்குச் சென்றதும் 27.5 புள்ளிகள் பெற்றார். தாம் எப்போதும் முழுமூச்சோடு ஆடியதில்லை என்பதைச் சில வாரங்களின் பின் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் தாமே ஒப்புக்கொண்டார். உழைத்துச் சேமித்த பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிய தந்தையருக்கும், அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த பிள்ளைகளுக்கும் அது பெரும் வஞ்சனையாகவே தோன்றியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் இந்நகருக்கு ஆட வந்த போதெல்லாம் அரங்கம் கூக்குரலிட்டு அவரை இகழ்ந்தது. அச்சினத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆயின் ஒரு மனிதரின் வரலாற்றை அவர் முப்பது வயதை எட்டுமுன்னரே முடித்துவிடுதல் தகுமா? அதற்குப் பின்னரும் அவர் பதினைந்து ஆண்டுகள் ஆடினார். அந்தப் பதினைந்து ஆண்டுகளையே நாம் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். கால்களின் வலு குறைந்தது, பாய்ச்சல் தாழ்ந்தது. புகழின் உச்சியில் இருந்த வீரர் பலர் அந்நிலையில் மானம் கருதி விலகிவிடுவர். காட்டரோ தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் கலையைச் செவ்வனே பயின்றார். தொடக்க ஐவருள் ஒருவராக இறங்கிப் பழகியவர், மாற்று வீரர்களின் இருக்கையில் அமர்ந்து முறை வரும்வரை காத்திருக்கவும் கற்றார். தம்மைவிடப் பல ஆண்டுகள் இளைய வீரர்களுக்கு ஆசானாய் விளங்கினார். 2016இல் என்.பி.ஏ. அவருக்கு அளித்த விருது எது தெரியுமா? ஆண்டின் மிகச் சிறந்த அணித்தோழர் விருது. அணிக்காக உழைக்கவில்லை என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்டவருக்கே அது கிடைத்தது. இதனினும் தெளிவான மறுமொழி வேறென்ன உண்டு?

மற்றொன்றும் உண்டு. காட்டர் ரொறன்ரோவில் ஆடிய நாள்களில் இந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் சிறுவர்களாக இருந்தோர் பின்னாளில் என்.பி.ஏ.யினுள் நுழைந்தனர். ரிஸ்ரன் தொம்சன், கோரி ஜோசப் போன்றோர் அவ்வாறு வளர்ந்தவர்களே. 2013இல் அன்ரனி பெனற், 2014இல் அன்ட்ரூ விக்கின்ஸ் என அடுத்தடுத்து இரு ஆண்டுகளில் கனடியரே புதுமுக வீரர் தேர்வில் முதலிடம் பெற்றனர். காட்டர் இங்கு வந்த 1998ஆம் ஆண்டிலேயே ரொறன்ரோவிற் பிறந்த ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், 2025இல் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவாகி, தம் அணிக்கு வாகையும் ஈட்டிக் கொடுத்தார். இவையனைத்தும் காட்டர் ஒருவராலேயே நிகழ்ந்தன என்பது மிகையாகும். பயிற்சியாளர்களின் உழைப்பும், பெற்றோரின் தியாகமும், நாஷ் போன்றோரின் முன்மாதிரியும் அதில் அடங்கும். ஆயினும், நம் ஊரில் நின்றே இவ்வளவு உயரம் தாவலாம் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையின் நெஞ்சில் விதைத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. கனடாவின் மற்றைய அணியாகிய வன்கூவர் 2001இல் மெம்பிசுக்குப் பெயர்ந்துவிட, ரொறன்ரோ அணி மட்டும் இங்கே வேரூன்றி நின்றதிலும் அவருக்குப் பங்குண்டு.

ஆகவே எமது தீர்ப்பு இது. உலகப் பெருவீரர்களை வரிசைப்படுத்தின், மைக்கல் ஜோர்டன் முதலானோர் அமரும் முதல் வரிசையில் காட்டருக்கு இடமில்லை. அங்கு அவரை அமர்த்த முற்படுவது அன்பின் மிகுதியேயன்றி நடுநிலையன்று. அடுத்த வரிசையில் அவருக்கு இடம் உண்டு. 2021ஆம் ஆண்டுப் பட்டியல் அவரை விட்டுவிட்டமை குறையே. பட்டியல்கள் தவறுவது புதிதன்று. 1996இல் வெளியான 50 பெருவீரர் பட்டியல் டொமினிக் வில்கின்சை விட்டுவிட்டது. 2021இல் அதே கூட்டமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டது. வில்கின்சும் வானில் பறந்தவர். அவரும் வாகை சூடாதவர். காலம் அவருக்குச் செய்த நீதியைக் காட்டருக்கும் செய்யும் என எதிர்பார்க்கின்றோம்.

ரொறன்ரோ தன் நீதியை ஏற்கெனவே வழங்கிவிட்டது. 2014 நவம்பரில் மெம்பிஸ் அணியோடு அவர் வந்தபோது, பழைய காட்சிகள் அரங்கின் திரையில் ஓடின. இகழ்ந்த அதே மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். காட்டர் கண்ணீர் சிந்தினார். 2024 நவம்பர் 2ஆம் நாள் அவரது 15ஆம் இலக்கச் சட்டை அரங்கின் கூரையில் ஏற்றப்பட்டது. ராப்ரர்ஸ் அணி இவ்வாறு மதிப்பளித்த முதல் வீரர் அவரே.

மாணவச் செல்வங்களே! உங்களுள் எவரும் கடைசி எறிதலைத் தவறவிட நேரலாம்; முழுமூச்சோடு உழைக்காத ஒரு காலமும் உங்கள் வாழ்வில் வந்து போகலாம். அதன் பின்னர் நீங்கள் எத்தனை ஆண்டுகள், எவ்வாறு உழைக்கின்றீர்கள் என்பதையும் சேர்த்தே உலகம் உங்களை எடைபோடும். பெற்றோரே! பேச்சுப் போட்டியிலும் தேர்விலும் முதற்பரிசு பெற்ற பிள்ளையை மட்டுமே கொண்டாடும் வழக்கம் நம்மிடையே மிகுந்துள்ளது. வாகை ஒன்றே பெருமைக்கு அளவுகோல் எனில், வின்ஸ் காட்டரோடு சேர்த்து நம் பிள்ளைகளுட் பெரும்பாலோரையும் நாம் வரிசையிலிருந்து வெளியே தள்ளியவர்களாவோம். அவ்வாறு செய்யாதிருப்போமாக.